இரண்டாவது பட்டன்

ஜனவரி 12

என் சின்ன மகளுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் உன் அண்ணனும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உனக்குச் சளி விட்டதா? அம்மா தினமும் இதை என்னிடம் கேட்கிறாள். சளி உனக்கு, கேள்வி எனக்கு.

போனில் பேசினால் என்ன என்று கேட்டிருக்கிறாய். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் பக்கத்திலேயே நின்ற காது இது. போனில் நீ பேசுவது எனக்குத் தண்ணீருக்கடியிலிருந்து யாரோ கூப்பிடுவது போல இருக்கிறது. நானும் எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்கிறேன். போன தடவை எதற்குச் சரி சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. கடிதமென்றால் கண்ணால் கேட்டுக்கொள்வேன்.

பிரஸ் ஷாப் முதலாளிகள் சங்கம் விபத்தைப் பற்றி போஸ்டர் போடுகிறது, அதை வரையும் வேலை உன் கம்பெனிக்கு, அதிலும் உனக்கே வந்திருக்கிறது என்று படித்ததும் உன் அம்மாவிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. என் மகள் எனக்கே பாடம் நடத்தப் போகிறாள்.

நாங்கள் எப்படி வேலை செய்கிறோம் என்று கேட்டாய். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கதவுக்குப் போடும் கீல். இடது கை தகட்டை டை என்கிற இரும்பு அச்சுக்குக் கீழே வைக்கும், வலது கை பட்டனை அழுத்தும். மேலேயிருந்து டை இறங்கும், தகடு கீலாகும். எடு, வை, அழுத்து. மாடு கூட இதைவிட யோசித்துத்தான் மெல்லும்.

எங்களுக்குள் என்ன பேசிக்கொள்வோம் என்றும் கேட்டிருந்தாய். பக்கத்து மெஷினில் ஒருவன், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டதால் பெயரே சோடா. அவனைப் பார்த்து நான் தினமும் சொல்வேன்: "மெஷினுக்குக் கண்ணு இல்ல, நமக்கு இருக்கு. இவனுக்கு மட்டும்தான் ரெண்டு பக்கமும் இல்ல." அவன் என் பரம்பரையைத் திட்டுவான். பொழுது போகும்.

உன் அண்ணன், வேலை பார்த்த கடை மூடிய நாளிலிருந்து வீட்டில்தான் இருக்கிறான். மேனேஜரிடம் அவனுக்காகக் கேட்டேன். ஆள் யாராவது போனால்தான் இடம் என்றார். யாரும் போகிற மாதிரி இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அப்பா

---

ஜனவரி 27

அன்புள்ள அப்பாவுக்கு,

சளி போய்விட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அண்ணனை ஒரேயடியாக நச்சரிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

உங்கள் வரியைத் திருடிவிட்டேன். "இயந்திரத்துக்குக் கண் இல்லை. உனக்கு இருக்கிறது." சோடாவை மட்டும் விட்டுவிட்டேன். சங்கத்துச் செயலாளர் அதைப் படித்துவிட்டு மேசையைத் தட்டினார். நாங்கள் பத்து வரி எழுதிக்கொண்டு போயிருந்தோம், ஒன்றைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இது எங்கிருந்து வந்தது என்று என் மேலதிகாரி கேட்டார். எங்கள் வீட்டுச் சரக்கு என்றேன்.

மாதிரிப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். குறை சொல்லுங்கள், உங்களுக்குத்தான் அது நன்றாக வருமே.

ஒரு சந்தேகம். சங்கம் கொடுத்த கையேட்டில் மெஷினுக்கு முன்னால் இரண்டு பட்டன் இருக்கிறது. இரண்டு கையாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் டை இறங்கும் என்று போட்டிருக்கிறது. இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது டைக்குக் கீழே எந்தக் கை போக முடியும்? பிறகு விபத்து எப்படித்தான் நடக்கிறது? நீங்களோ ஒரு கையால் அழுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். செயலாளரைக் கேட்டேன். எல்லாம் கவனக்குறைவுதான் அம்மா என்றார்.

உங்கள் மகள்

---

பிப்ரவரி 9

என் சின்ன மகளுக்கு,

உன் கடிதம் வந்தபோது உன் அம்மாவுக்கு முதுகு பிடித்திருந்தது, இப்போது விட்டுவிட்டது. நான் பழைய இரும்பு, எனக்கு ஒன்றும் வராது.

படம் பார்த்தேன். குறை சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ வரைந்த ஆள் ரொம்ப அழகாக இருக்கிறான். சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. அப்படி ஒருவன் எங்கள் ஷாப்புக்குள் வந்தால் பெரிய அதிகாரி என்று நினைத்து எல்லாரும் எழுந்து நிற்போம். கை டைக்குக் கீழே இருக்க, அவன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறான். எங்களுக்கு ஜன்னலே கிடையாது. இருந்தால் நாங்களும் பார்ப்போமோ என்னவோ.

இரண்டு பட்டன் விஷயம். கையேட்டில் இருப்பது சரிதான், அதை எழுதியவர் நல்ல மனிதராக இருக்க வேண்டும். நீ அதில் மூளையைக் கசக்காதே. அவர்கள் கேட்டதை வரைந்து கொடு, நல்ல பெயர் வாங்கு.

மழைக்கு மேல் வீட்டுச் சுவர் ஊறி நம் சமையலறைக்குள் ஒரு கறை வந்திருக்கிறது. வரைபடத்தில் ஏதோ ஒரு நாடு மாதிரி இருக்கிறது என்கிறான் உன் அண்ணன். அவனுக்குப் பார்க்க வேறு என்ன இருக்கிறது.

உன் அப்பா

---

மார்ச் 21

என் சின்ன மகளுக்கு,

உன் பதில் வருமுன் நானே எழுதுகிறேன், அடக்க முடியவில்லை. எல்லாரும் சுகம், நீயும் அப்படியே இரு.

போஸ்டர் வந்துவிட்டது. எங்கள் ஷாப்புக்கு நாலு. ஒன்றை என் மெஷினுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். நான் கேட்கவில்லை, ஆணி அங்கேதான் இருந்தது. காலையில் உள்ளே நுழைந்தால் முதலில் உன் எழுத்து. அந்த அழகனின் சட்டையில் எண்ணெய் போட்டுவிட்டாய். நன்றி.

வரைந்தது என் மகள், வரி என்னுடையது என்று சொன்னேன். சொன்னேன் என்றால், மெஷின் சத்தத்தில் கத்தினேன். சோடா நம்பவில்லை. "நீ சொன்ன வரின்னா அதுல என்னைத் திட்டியிருக்கணுமே" என்கிறான். மேனேஜர் வந்து நின்று முழுதும் படித்தார். உங்க பொண்ணா, கெட்டிக்காரி என்றார். எனக்குக் காது கேட்காதுதான். அது மட்டும் நன்றாகக் கேட்டது.

வெளியூர் ஆர்டர் ஒன்று பெரிதாக வந்திருக்கிறது. சூப்பர்வைசர் கையில் வாட்சோடு மெஷின் மெஷினாக நடக்கிறார். நமக்கென்ன, நடந்தால் அவர் தொப்பை குறையும்.

உன் அப்பா

---

மே 4

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மார்ச் கடிதத்துக்கு உடனே பதில் போட்டேன். ஏப்ரலில் இன்னொன்று போட்டேன். இது மூன்றாவது. போன் செய்தால் அம்மா எடுத்து "எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம், அப்பா வெளிய போயிருக்கார்" என்கிறார். எப்போது செய்தாலும் வெளியே போயிருக்கிறீர்கள். இந்த வயதில் அப்படி எங்கேதான் போகிறீர்கள்?

உடம்பு ஏதாவது சரியில்லையா? இல்லை நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? ஒரு வரி போடுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

உங்கள் மகள்

---

மே 22

என் சின்ன மகளுக்கு,

உன் மூன்று கடிதமும் வந்தன. திட்ட ஒன்றும் இல்லை. சோம்பேறித்தனம், வேறென்ன. உன் அம்மாவும் அண்ணனும் நல்ல சுகம்.

முதலில் நல்ல செய்தி. உன் அண்ணனுக்கு வேலை கிடைத்துவிட்டது. எங்கள் ஷாப்பிலேயே, என் மெஷினிலேயே. மேனேஜர் கூப்பிட்டுக் கொடுத்தார். நான் நின்ற இடத்தில் அவன் நிற்கிறான். தினமும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போகிறான். சாயங்காலம் அதைப் பார்த்தால் உன் அம்மா அழுவாள் போல இருக்கிறது.

அப்படியென்றால் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்பாய். எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். போதும், உட்காருங்கள் என்றார்கள், உட்கார்ந்துவிட்டேன். கடைக்குப் போய் வருகிறேன். உன் அம்மா வாங்கிவரச் சொல்வது ஒன்று, நான் வாங்கி வருவது ஒன்று. நான் வீட்டில் இருப்பது அவளுக்குப் பெரிய வேலையாகிவிட்டது. பாத்திரம் தேய்க்க உதவுகிறேன் என்று போனால் பிடுங்கிக்கொண்டு, சும்மா இருங்கள் என்கிறாள். பெரிய மனிதன் மாதிரி சும்மா இருக்கிறேன்.

விடுமுறைக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். இப்போது வேண்டாம், சமையலறைக் கறைக்கு ஆள் வந்து சுவரை உடைத்துப் போட்டிருக்கிறார்கள், ஒரே தூசி. பிறகு வா.

உன் அப்பா

---

ஜூன் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

அண்ணனுக்கு வேலை என்று படித்ததும் ஆபீசில் எல்லாருக்கும் சொன்னேன். அவனுக்குத் தனியாக எழுதுகிறேன். உங்களுக்கு ஓய்வு என்பதும் நல்லதுதான். காதுக்கு இனியாவது கொஞ்சம் நிம்மதி.

இங்கே புதுச் செய்தி. முதல் போஸ்டர் சங்கத்துக்குப் பிடித்துப்போய் இரண்டாவது கேட்கிறார்கள். இந்தத் தடவை படம் வேண்டாம், நிஜப் புகைப்படம் வேண்டுமாம். பார்த்தவன் பயப்பட வேண்டுமாம். இந்த வருடம் அடிபட்டவர்களின் புகைப்படங்களை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார் செயலாளர். எல்லாம் கைகள் மட்டும். முகமோ பேரோ ஒன்றும் இல்லை. யார் இவர்கள் என்று கேட்டேன். கவனக்குறைவுக் கேஸ், அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

இரண்டு நாள் அவற்றை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் ஒன்றை எடுத்தேன். அதை இதோடு வைத்திருக்கிறேன். இடது கை, மூன்று விரல் இல்லை. மற்றவர்கள் கையை இறுக்கி மறைக்கப் பார்க்கிறார்கள். இவர் மட்டும் நன்றாக விரித்துக் காட்டியிருக்கிறார், படம் எடுப்பவருக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்பது போல. அதுதான் என்னை நிறுத்தியது.

இதற்கு ஒரு வரி வேண்டும் அப்பா. உங்களை விட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். நன்றாகப் பார்த்துவிட்டு, முதலில் மனதில் வருவதை எழுதுங்கள்.

உங்கள் மகள்

---

ஜூன் 18

என் சின்ன மகளுக்கு,

எல்லாரும் நலம். நீ சாப்பிடாமல் இருந்தாய் என்று உன் அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் இங்கே சமையல் நின்றுவிடும்.

படத்தைப் பார்த்தேன். வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது. தையல் போட்ட டாக்டருக்கு அவசரம் போல. கட்டைவிரல் நகத்தை வெட்டியிருக்கலாம், அந்த ஆள் கொஞ்சம் அசட்டையான பேர்வழியாக இருப்பார். வேறு குறை இல்லை.

வரி ஒன்றும் வரவில்லை அம்மா. மூன்று நாளாக வைத்துப் பார்த்துவிட்டேன். ஓய்வில் இருக்கிறவனுக்கு மூளையும் ஓய்வு எடுத்துக்கொள்ளும் போல. உன் ஆபீசில் படித்தவர்கள் இருக்கிறார்கள், யாராவது சொல்வார்கள். என்னால் முடியவில்லை என்று வருத்தப்படாதே.

ஒன்று கேட்கலாமா? போடுவதானால் நம் ஊருக்கு மட்டும் அனுப்பாமல் பார்த்துக்கொள்ள முடியுமா? எல்லார் கண்ணிலும் படும், அதனால்.

உன் அப்பா

---

ஜூன் 19

தங்கச்சிக்கு,

நான் கடிதம் எழுதிப் பழகியவன் இல்லை. சுகம் விசாரித்ததாக வைத்துக்கொள்.

நீ அனுப்பிய படத்தில் இருப்பது அப்பாவின் கை.

ஏப்ரல் முதல் வாரத்தில் நடந்தது. உனக்குச் சொல்லக் கூடாது என்று அம்மாவிடமும் என்னிடமும் சத்தியம் வாங்கினார். நாலு நாள் முன்னால் உன் படம் வந்ததும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். என்ன அது என்று அம்மா கேட்டாள். "பொண்ணு வேலை விஷயமா அனுப்பியிருக்கா, நல்லா எடுத்திருக்காங்க" என்று சொல்லி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் இருந்த இருப்பைப் பார்த்துத்தான் சத்தியத்தை மீறுகிறேன்.

நீ ஜனவரியிலேயே கேட்டாயாமே, இரண்டு பட்டன் இருக்கும்போது கை எப்படிப் போகும் என்று. இங்கே எந்த மெஷினிலும் இரண்டாவது பட்டன் வேலை செய்யாது. அழுத்தின நிலையிலேயே கம்பியால் இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார்கள். அப்போதுதான் ஒரு கை வைக்க, ஒரு கை அழுத்த முடியும். இரண்டு மடங்கு வேகம். கம்பியை அவிழ்த்தால் சொன்ன கணக்கு வராது, வராவிட்டால் ஆளை மாற்றுவார்கள்.

அப்பா தன் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போட்டதால் எனக்கு வேலை. இது எனக்கே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரியும். இப்போது அந்த மெஷினில் நான் நிற்கிறேன். கம்பி அப்படியே இருக்கிறது. எதிரே உன் போஸ்டரும் இருக்கிறது.

அண்ணன்

---

ஜூலை 1

அப்பாவுக்கு,

நலம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உங்களிடமே அனுப்பினேன். நன்றாகப் பாருங்கள் என்று எழுதினேன். நீங்களும் நகத்தைக் குறை சொல்லிப் பதில் போட்டீர்கள்.

இரண்டாவது போஸ்டரைச் செய்ய மாட்டேன் என்று ஆபீசில் சொல்லிவிட்டேன். முதல் போஸ்டரையும் கழற்ற வேண்டும் என்றேன். செயலாளர் சிரித்தார். அம்மா, அது எங்கள் சொத்து என்றார். பணம் கட்டியவர்கள் அவர்கள்தானே. மறுநாளே வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஆபீசிலிருந்து எடுப்பதும் சீக்கிரம் நடக்கும்.

நான் ஒன்று வரைந்திருக்கிறேன். ஆள் இல்லை, கை இல்லை, ரத்தம் இல்லை. இரண்டு பட்டன், அதில் ஒன்றில் கம்பி. கீழே "இதைக் கட்டியது யார்?" என்று மட்டும். தெரிந்த அச்சகத்தில் நானே அடித்தேன். போஸ்டர் கட்டு தனியாக உங்களுக்கு வந்து சேரும்.

நான் வந்து ஒட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஒட்டினால் அண்ணன் வேலை அன்றைக்கே போய்விடும். அது நீங்கள் விரலைக் கொடுத்து வாங்கியது. அதனால் உங்களைக் கேட்காமல் செய்ய மாட்டேன். ஒட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

உங்கள் மகள்

---

ஜூலை 20

என் சின்ன மகளுக்கு,

உன் அண்ணனுக்கு நாக்கில் எலும்பு இல்லை என்பது இத்தனை வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. திட்டினேன். கேட்டுக்கொண்டு நின்றான்.

நீ உன் போஸ்டரால்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். அந்த நினைப்பை விடு. போஸ்டர் இல்லாவிட்டாலும் கை போயிருக்கும். ஆர்டர் அவசரம், தகடு சாய்ந்தது, நேராக்கக் கையை விட்டேன், வலது கை பழக்கத்தில் அழுத்திவிட்டது. நான் நன்றாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த வரி தப்பு அம்மா. சோடாவைச் சிரிக்க வைக்கச் சொன்னது, அதைச் சட்டமாக்கிவிட்டார்கள்.

மேனேஜர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, போஸ்டரே அடித்து மாட்டியிருக்கிறோமே, அதற்கு மேல் என்ன செய்ய என்று வருத்தமாகச் சொன்னார். உங்கள் பெண்ணே எழுதியதுதானே என்றார். கம்பியைப் பற்றி நான் பேசினால், போஸ்டர் போட்டவளையும் விசாரணைக்கு இழுப்பார்கள் என்றார். அப்புறம் பேப்பரை நீட்டினார். "போட்டுக் குடுத்துடுங்க. நாளைக்கே பையனை அனுப்புங்க." எனக்கு வலது கை நன்றாகத்தானே இருந்தது. போட்டுக் கொடுத்தேன். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாகக்கூட நினைத்தேன். போன விரல் போய்விட்டது, அதற்குப் பதில் உன் அண்ணனுக்கு வேலை, உனக்கும் தொந்தரவு இல்லை. வியாபாரம் தெரிந்தவன் மாதிரி படுத்திருந்தேன்.

உன் கட்டு வந்ததும் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். ஒட்டுவதில்லை என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். அன்றைக்கு உன் அண்ணன் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போயிருந்தான், கொடுக்கப் போனேன். காவலாளி பழக்கம், உள்ளே விட்டான்.

அவன் முதுகைத்தான் முதலில் பார்த்தேன். நான் நிற்கிற மாதிரியே ஒரு காலை மடக்கி நிற்கிறான். எடு, வை, அழுத்து. கை உள்ளே போகிறது, வருகிறது, போகிறது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்பிவிடுவான் என்று பயம். திரும்புகிற நேரம் போதும். ஒவ்வொரு தடவையும் அவன் கை வெளியே வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். இத்தனை வருடம் அந்த இடத்தில் நின்றவன், ஒரு தடவைகூட இதைப் பின்னாலிருந்து பார்த்ததில்லை.

சாப்பாட்டைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் பசை காய்ச்சச் சொன்னேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, "கெட்டியாவா, தண்ணியாவா?" என்று மட்டும் கேட்டாள்.

உன் அப்பா

---

செப்டம்பர் 3

என் சின்ன மகளுக்கு,

உன் வேலை போன செய்தி கிடைத்தது. வாடகைக்கு என்ன செய்கிறாய் என்று எழுது. மறைக்காதே, மறைப்பது இந்த வீட்டில் என் வேலை, அதையும் நான் சரியாகச் செய்யவில்லை. நாங்கள் மூவரும் சுகம்.

ஒட்டியது பற்றிக் கேட்டாய். நானும் உன் அம்மாவும் விடிந்ததும் போனோம். ஷாப் வாசல், பஸ் நிற்கும் இடம், டீக்கடைச் சுவர் எல்லாம். அவள் வாளியைப் பிடித்தாள், நான் ஒரு கையால் தேய்த்தேன். பாதி கோணல். வரைந்தவள் பார்த்தால் சண்டைக்கு வருவாய்.

மாலைக்குள் எல்லாவற்றையும் கிழித்துவிட்டார்கள். ஆனாலும் ஷிப்ட் மாறும் நேரம் முழுக்க இருந்தது. கூட்டம் நின்று பார்த்தது. சோடா மட்டும் பக்கத்தில் மூக்கு உரசப் பார்த்துவிட்டு, "இதைக் கட்டினதுல நானும் ஒருத்தன்டா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

உன் அண்ணன் அதைப் படித்துவிட்டு உள்ளே போய் அவன் மெஷின் கம்பியை அவிழ்த்திருக்கிறான். சூப்பர்வைசர் கட்டச் சொன்னார், மாட்டேன் என்றான். மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டான். என்மேல் கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். "பசிக்குதும்மா" என்று மட்டும் சொன்னான். இப்போது மறுபடியும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். பத்து விரலோடு உட்கார்ந்திருக்கிறான். உன் அம்மா திட்டக்கூட மாட்டேன் என்கிறாள்.

என் பேப்பரை மாற்றித் தர முடியாது, எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான் என்றார்கள் தொழிலாளர் ஆபீசில். மெஷின்களைப் பார்க்க ஒரு அதிகாரி வந்தார். வரும் தேதியை முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் வந்தார். அன்றைக்கு எந்த மெஷினிலும் கம்பி இல்லை. உன் பழைய போஸ்டரைத் தூசி தட்டி வைத்திருந்தார்களாம். அதிகாரி போன மறுநாள் கம்பி வந்துவிட்டது.

என் மெஷினில் புது ஆளைப் போட்டிருக்கிறார்கள். வெளியூர்க்காரர், உன் அண்ணன் வயசு இருக்கும், பெயர் தெரியாது. அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "தெரியுங்க. ஆனா எனக்கு வேலை வேணுமே" என்றார். நானும் அதைத்தானே சொல்லியிருப்பேன்.

தினமும் சாயங்காலம் ஷிப்ட் விடும்போது வாசலுக்கு எதிரே போய் நிற்கிறேன். என்ன வேலை என்று உன் அம்மா கேட்டால், நடந்தால் உடம்புக்கு நல்லது என்கிறேன். கூட்டத்தில் அவரைத் தேடி முதலில் கையைத்தான் பார்க்கிறேன், அப்புறம்தான் முகம். நேற்று இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

மணியாகிவிட்டது. இன்றைக்கு இனிமேல்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

உன் அப்பா